பழைய கோழிகள் இருக்கும் கொல்லையில் புதுக் குஞ்சுகள்: முதல் நாளிலிருந்து ஒரே கூண்டு வரை

ஏழெட்டுப் பெட்டையும் ஒரு சேவலும் ஏற்கெனவே மேய்ந்துகொண்டிருக்கும் கொல்லைக்குப் புதுக் குஞ்சு வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: பெரிய கோழி கொத்திவிடாதா? கொத்தும். ஆனால் கொத்துப்பட்டுச் செத்த குஞ்சுகளை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். பெரிய கோழி குடித்த தட்டில் குடித்து நோய் கண்டவையும், தீனியை நெருங்க முடியாமல் மூலையில் நின்றே இளைத்துப்போனவையும்தான் அதிகம்.

என் முதல் முயற்சியும் அப்படித்தான் முடிந்தது. ஒரு மாதக் குஞ்சுகள் பதினைந்தை வாங்கி, ஓரளவு வளர்ந்தவைதானே என்று அன்று மாலையே கூண்டில் விட்டேன். பத்தாம் நாள் மூன்று மிஞ்சின. செத்த பன்னிரண்டில் ஒன்றின் உடம்பில்கூடக் காயம் இல்லை. கீழே உள்ள வரிசை அதற்குப் பிறகு அமைந்தது. முப்பது கோழிக்குள் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது பொருந்தும். மொத்தம் பத்து முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். வாரத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

1. குஞ்சு வருவதற்கு மூன்று வாரம் முன்பே

முதல் வேலை குஞ்சுக்கு அல்ல, பழைய கோழிகளுக்கு. அவற்றுக்கு வெள்ளைக்கழிச்சல் (கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் நோய்) தடுப்பூசி போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று பாருங்கள். நினைவில் இல்லை என்றால் போடவில்லை என்றே கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரியில், இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. அதைத் தவறவிட்டால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

கூடவே குடற்புழு நீக்க மருந்தும் கொடுத்துவிடுங்கள். பெரிய கோழி கிருமியையும் புழுவையும் சுமந்துகொண்டு வெளியே ஒன்றும் காட்டாமல் திரியும். நோய் தெரிவது குஞ்சுக்குப் போன பிறகுதான். தடுப்பூசி வேலை செய்ய இரண்டு வாரம் வேண்டும் என்பதால்தான் மூன்று வாரம் முன்பே தொடங்கச் சொல்கிறேன்.

அடுத்தது இடம். குஞ்சுகள் முதல் ஒன்றரை மாதம் இருக்கப்போகும் இடம் பழைய கூண்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். தாழ்வாரமோ மாட்டுக்கொட்டகையின் ஒரு பகுதியோ போதும். பழைய கூண்டுக்கு மேலேயே பலகை போட்டுக் குஞ்சு வளர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழிருந்து எழும் தூசியும் எச்சத்தின் நெடியும் நேராகக் குஞ்சின் மூக்குக்குப் போகும்.

காலம் தை, மாசி நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உமி காயாது. ஈர உமியில்தான் ரத்தக்கழிச்சல் பெருகும்.

2. எதை வாங்குவது, எத்தனை வாங்குவது

ஒரு நாள் குஞ்சாக வாங்குங்கள். ஒரு மாதக் குஞ்சு வாங்கினால் விளக்கு போடும் வேலை மிச்சம்தான், ஆனால் அது என்ன நோயைப் பார்த்துவிட்டு வருகிறது என்பது விற்பவருக்கே தெரியாது. பொரிப்பகத்தில் வாங்கினால் முதல் நாள் போட வேண்டிய மேரக்ஸ் (கால், இறக்கை முடங்கும் நோய்) தடுப்பூசி போட்டார்களா என்று கேளுங்கள். அதை வீட்டில் பிறகு சரிசெய்ய முடியாது.

தெருவில் கூடையில் வரும் சாயம் போட்ட குஞ்சுகளைக் குழந்தைகள் அழுதாலும் வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை முட்டைப் பண்ணைக்குத் தேவைப்படாத சேவல் குஞ்சுகள். தடுப்பூசி எதையும் பார்த்திருக்காது. வெயிலில் அலைந்து பாதி உயிரோடு வரும். கொல்லையில் ஏற்கெனவே கோழி இல்லாத வீட்டில் அது ஒரு குஞ்சின் துயரம். உங்கள் வீட்டில் அது எல்லாக் கோழிகளையும் பணயம் வைக்கும் காரியம்.

எண்ணிக்கை ஐந்துக்குக் குறைய வேண்டாம். ஒற்றைக் குஞ்சைக் கூட்டத்தில் விட்டால் எல்லாக் கோழியின் கொத்தும் அதன் தலையில்தான் விழும். ஐந்தாறு இருந்தால் அது பகிர்ந்துபோகும். அவையும் ஒன்றுக்கொன்று துணையாக ஒதுங்கி நிற்கும்.

வனராஜா போன்ற இரகம் விரைவாக வளரும். சிறுவிடை என்ற சிறிய நாட்டுக்கோழி மெதுவாக வளரும். ஆகவே கீழே வரும் வாரக்கணக்கை வயதோடு சேர்த்து உடம்பையும் பார்த்துத்தான் பின்பற்ற வேண்டும்.

3. வீட்டில் அடைக்கோழி இருந்தால் பாதி வேலை மிச்சம்

பல்பு, வலை, குஞ்சு வாசல் என்று நான் அடுத்து எழுதப்போகும் பலவற்றை ஒரு நல்ல அடைக்கோழி தானே செய்துவிடும். குஞ்சுக்குச் சூடு தரும், தீனி காட்டும், மற்ற பெட்டைகள் நெருங்கினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பாயும். தாயோடு திரிந்த குஞ்சைக் கூட்டம் சண்டையில்லாமல் ஏற்றுக்கொள்வதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஆகவே முடிந்தால் இந்த வழி. ஆனால் இதற்கும் ஒழுங்கு உண்டு.

அடைக்கு உட்கார்ந்து இரண்டு வாரமாவது ஆன கோழியாக இருக்க வேண்டும். நேற்று உட்கார்ந்ததற்குத் தாய்மை இன்னும் வந்திருக்காது. குஞ்சைக் கண்டால் எழுந்து போய்விடும், அல்லது கொத்தும். சில சொந்த முட்டைகளோடு உட்காரவைத்து, இருபத்தோராம் நாள் அவை பொரியும்போது வாங்கிய குஞ்சுகளையும் சேர்ப்பது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

வாங்கிய குஞ்சுக்கு வயது இரண்டு நாளுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் அது இந்தக் கோழியைத் தாயாக எண்ணாது, கூப்பிட்டால் வராது. கோழி அணைக்க நினைத்தாலும் குஞ்சு ஓடும்.

இரவில், விளக்கில்லாமல், ஒவ்வொன்றாக வயிற்றுக்கடியில் தள்ளுங்கள். பொரியாத முட்டைகளை அப்போதே எடுத்துவிடுங்கள். முட்டை இருக்கும்வரை கோழி குஞ்சோடு எழுந்து நடக்காது. மறுநாள் விடியும் முன்பே போய் உட்கார்ந்து பாருங்கள். கொக்கொக் என்று தணிந்த குரலில் கூப்பிட்டால் ஏற்றுக்கொண்டது. தலையில் ஓங்கிக் கொத்தினால் உடனே குஞ்சுகளை எடுத்துப் பல்புக்கு மாற்றுங்கள். பழகிவிடும் என்று காத்திருந்தவர்களுக்கு மாலையில் குஞ்சு இருந்ததில்லை. அதனால் பல்பை முதலிலேயே தயாராக வைத்திருங்கள்.

ஒரு நாட்டுக்கோழியின் இறக்கைக்குள் பன்னிரண்டு குஞ்சு அடங்கும். அதற்கு மேல் வைத்தால் விளிம்பில் இருப்பவை குளிரில் விறைக்கும். முதல் நான்கைந்து நாள் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் மூடி வைத்துப் பிறகு விடுங்கள். முதல் நாளே விட்டால் தாய் வேலியோரம் வரை நடக்கும், கடைசிக் குஞ்சு பின்தங்கும், காகம் அதற்காகத்தான் முருங்கை மரத்தில் உட்கார்ந்திருக்கும்.

தாய்க்கோழியின் மேல் பேன், செள் இருந்தால் முதல் இரவே குஞ்சுக்கு ஏறிவிடும். அடையில் உட்கார்ந்திருக்கும்போதே அடுப்புச் சாம்பலை இறகுக்குள் தேய்த்து, அடைக்கூடையில் நொச்சி இலை போட்டுவையுங்கள்.

தாய் வளர்த்தாலும் ஐந்தாம் பகுதியில் வரும் தடுப்பூசிகளில் எதுவும் தள்ளுபடி இல்லை. தாய் காக்கும் என்று விட்டவர்கள்தான் மொத்தமாக இழக்கிறார்கள்.

4. பல்பில் வளர்ப்பதானால்: முதல் நான்கு வாரம்

தகரத்தையோ தடித்த அட்டையையோ ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். இருபத்தைந்து குஞ்சுக்கு மூன்றடி விட்டம் போதும். வட்டம்தான் வேண்டும், சதுரப் பெட்டி வேண்டாம். பயந்தாலோ குளிர்ந்தாலோ குஞ்சுகள் மூலையில் ஏறி அடையும். அடியில் மாட்டியவை மூச்சு முட்டிச் செத்துவிடும்.

தரையில் இரண்டு அங்குலம் உமி. முதல் மூன்று நாள் உமியின் மேல் செய்தித்தாளைக் கசக்கி விரியுங்கள், இல்லையென்றால் தீனியென்று உமியைத் தின்னும். கசக்காமல் வழுவழுப்பாக விரித்தால் கால் வழுக்கி அகன்றுபோகும். அப்படி அகன்ற கால் பிறகு நேராவது கடினம்.

பல்பு என்றால் பழைய குண்டு பல்பு. இது அதிகம் பேர் செய்யும் தவறு: வீட்டில் இருக்கும் எல்இடி பல்பை மாட்டிவிட்டு, வெளிச்சம் இருக்கிறதே என்று போய்விடுகிறார்கள். எல்இடியில் குஞ்சுக்குத் தேவையான சூடு வராது. இருபது குஞ்சுக்கு 40 வாட் குண்டு பல்பு இரண்டு மாட்டுங்கள். ஒன்று நள்ளிரவில் பியூஸ் போனால் மற்றொன்று விடியும்வரை காக்கும். மின்சாரம் போகும் ஊர் என்றால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைக்கலாம். கரிச்சட்டியை மூடிய அறையில் வைக்காதீர்கள், புகையே கொன்றுவிடும்.

முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரம் மூன்று டிகிரி குறைவு என்பது கணக்கு. வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சையே பாருங்கள். பல்புக்கடியில் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர். தகரத்தோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. பரவலாகப் படுத்திருந்தால் சரி. சித்திரைப் பகலில் பல்பே தேவைப்படாது. ஆனால் பின்னிரவுக்கு முதல் இரண்டு வாரமும் வேண்டும்.

வந்தவுடன் முதலில் தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தீனி. பயணத்தில் உடம்பு வற்றியிருக்கும். ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை நனைத்துக் காட்டுங்கள். வெல்லம் கரைத்த தண்ணீரை முதல் நாள் மட்டும் கொடுக்கலாம். தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் ஆழமில்லாத தட்டிலும் முழுகும்.

தீனிக்குக் கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனம்தான் என் பரிந்துரை. எட்டு வாரம் வரை புரதம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் வேண்டும். வெறும் குருணையில் அது கிடைக்காது. கரையான் கொடுப்பது நம் பக்கத்துப் பழைய வழி, நல்ல வழியும்கூட: பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்துக் கரையான் இருக்கும் இடத்தில் மாலையில் கவிழ்த்துவைத்தால் காலையில் நிறைந்திருக்கும். அது தீவனத்துக்குத் துணை, மாற்று அல்ல.

தினமும் ஒருமுறை பின்புறத்தைப் பாருங்கள். எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து எடுங்கள். பிய்த்து இழுத்தால் தோலோடு வரும்.

இந்த நான்கு வாரமும் மறக்கக்கூடாத ஒழுங்கு ஒன்று இருக்கிறது: காலையில் முதலில் குஞ்சு, பிறகுதான் பெரிய கோழி. கூண்டைக் கூட்டிவிட்டு அதே செருப்போடும் அதே கையோடும் குஞ்சிடம் போனால், இடத்தைத் தள்ளி வைத்ததற்கே பொருளில்லை. குஞ்சுக்கென்று தனிச் செருப்பு ஒரு ஜோடி வைத்துவிடுங்கள். வீட்டில் சிரிப்பார்கள். என் வீட்டிலும் சிரித்தார்கள்.

5. தடுப்பூசி நாட்கள்

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான எஃப்1 அல்லது லசோட்டா, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. பதினான்காம் நாள், எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் கம்போரோ நோய்க்குச் சொட்டு. நான்காம் வாரம் லசோட்டா மறுபடியும், குடிநீரில். ஆறாம் வாரத்தையொட்டி அம்மைத் தடுப்பூசி. எட்டாம் வாரம், வெள்ளைக்கழிச்சலுக்கே போடும் ஆர்2பி ஊசி. உங்கள் ஊர் மருத்துவர் ஓரிரு நாள் முன்பின் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆர்2பியை மட்டும் சின்னக் குஞ்சுக்குப் போடவே கூடாது. அதிலுள்ள கிருமி வீரியமானது, அதுவே நோயைக் கொடுத்துவிடும்.

தடுப்பூசி போட்டும் செத்தது என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் குப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். பனிக்கட்டி போட்ட பிளாஸ்க்கில்தான் கொண்டுவர வேண்டும். கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். குடிநீரில் கொடுப்பதானால் குளோரின் கலந்த குழாய்நீர் வேண்டாம், அது மருந்தைக் கொன்றுவிடும். கிணற்றுநீரில் லிட்டருக்கு ஐந்து கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, அதிகாலையில், இரண்டு மணி நேரம் தாகத்தோடு வைத்திருந்த பிறகு கொடுங்கள்.

ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கு மேல் மருந்து இருக்கும். தெருவில் கோழி வைத்திருக்கும் நாலு வீட்டைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவும் குறையும், பக்கத்துக் கொல்லையிலிருந்து நோய் தாண்டி வருவதும் குறையும்.

இந்தக் காலத்தில் எச்சத்தில் ரத்தம் கண்டால் அது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுக்கு அதிகம் வரும். உமியை முழுவதும் மாற்றி, மருந்தகத்தில் சொல்லி ஆம்ப்ரோலியம் என்ற மருந்தை வாங்கித் தண்ணீரில் கொடுங்கள். மஞ்சளும் சின்ன வெங்காயமும் நானும் கொடுப்பேன். ஆனால் ரத்தம் கண்ட பிறகு அவற்றை நம்பிக் காத்திருக்க மாட்டேன்.

6. ஆறாம் வாரம்: வலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

இறகு முளைத்து, தும்மலோ கழிச்சலோ இல்லாத குஞ்சுகளைப் பகலில் கொல்லைக்குக் கொண்டுவரலாம். பெரிய கோழிகள் மேயும் இடத்தின் ஒரு மூலையை அரை அங்குலக் கம்பிவலையால் அடையுங்கள். மேலேயும் வலை வேண்டும், பருந்துக்காக. வலையின் அடி அரையடியாவது மண்ணுக்குள் புதைய வேண்டும், கீரிக்காக.

இப்போது இரண்டு கூட்டமும் பார்க்கும், கேட்கும், தொட முடியாது. முதல் இரண்டு நாள் பெரிய பெட்டைகள் வலையோரம் வந்து கழுத்து இறகை விரித்துக் குதிக்கும். நான்காம் நாள் கண்டுகொள்ளாமல் மேயும். கொத்து வரிசையில் இந்தப் புதியவற்றுக்கு எங்கே இடம் என்ற வழக்கின் பெரும்பகுதி காயமில்லாமல் இங்கேயே முடிந்துவிடுகிறது. அதே மண்ணின் கிருமிகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குஞ்சுக்குப் பழகும்.

இரண்டு பக்கமும் தீனித் தட்டை வலையை ஒட்டி வையுங்கள். ஒரே நேரத்தில், ஓரடி இடைவெளியில், சண்டையில்லாமல் தின்று பழகட்டும். தண்ணீர்த் தட்டை மட்டும் வலையிலிருந்து தள்ளி வையுங்கள்.

இந்த ஏற்பாடு குறைந்தது மூன்று வாரம். ஒரு வாரத்தில் அமைதியாகிவிட்டதே என்று வலையைப் பிரிக்க எல்லோருக்கும் கை அரிக்கும். எட்டாம் வார ஊசி இன்னும் பாக்கி, அது வேலை செய்ய வேண்டிய இரண்டு வாரமும் பாக்கி.

7. ஒன்பது, பத்தாம் வாரம்: குஞ்சு வாசல்

வலையில் குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்கு இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒன்று போதாது. துரத்தப்பட்ட குஞ்சு ஓடிவரும்போது அந்த ஒரு வாசலில் ஒரு பெட்டை நின்றால் தீர்ந்தது. அகலம் நாலு அங்குலத்தில் தொடங்கி, உங்கள் குஞ்சையும் உங்கள் பெட்டையையும் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். வெட்டிய கம்பி முனைகளை மடக்கிவிட மறக்காதீர்கள்.

குஞ்சுகளே வெளியே வரட்டும், நீங்கள் பிடித்துத் தள்ள வேண்டாம். துணிந்தது ஒன்று முதலில் வரும், ஒரு கொத்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடும், பத்து நிமிடத்தில் மறுபடி வரும். தப்பிக்க இடம் இருக்கிறது என்று தெரிந்த குஞ்சுக்குத்தான் இந்தத் துணிச்சல் வருகிறது. குஞ்சுத் தீவனம் உள்ளேயே இருக்கட்டும். வெளியே எவ்வளவு துரத்தினாலும் உள்ளே வந்து வயிறு நிறைய முடியும்.

8. பத்துக்கு மேல்: ஒன்றாக விடும் நாள்

மூன்றும் நிறைவேறியிருக்க வேண்டும்: பெட்டையின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்காவது வளர்ந்திருக்க வேண்டும், ஆர்2பி போட்டு இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும், இரண்டு கூட்டத்திலும் தும்மலோ கழிச்சலோ இருக்கக் கூடாது. சிறுவிடை என்றால் இது பன்னிரண்டு வாரத்தைத் தாண்டவும் செய்யும்.

பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்த வெளியில் விடுங்கள், கூண்டுக்குள் அல்ல. கம்பையோ சோளத்தையோ அகலமாக இறைத்துவிடுங்கள். தலை குனிந்து பொறுக்கும் கோழிக்குச் சண்டை நினைவு குறைவு. இருட்டும் விரைவில் வந்து பிரித்துவிடும். சாய்த்து வைத்த ஓலைத் தட்டி, கவிழ்த்த கூடை, கட்டை என்று ஒளிய நாலு இடம் இருக்கட்டும். ஆனால் எதுவும் முட்டுச்சந்தாக இருக்கக்கூடாது, இருபுறமும் திறந்திருக்க வேண்டும். தீனித் தட்டும் தண்ணீரும் குறைந்தது மூன்று இடத்தில்.

தலையில் ஒரு கொத்து, நாலடி துரத்தல், அதோடு விட்டுவிடுதல் என்றால் தலையிடாதீர்கள். நீங்கள் விலக்கிவிட்டால் வழக்கு மறுநாளைக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். விடாமல் துரத்திப் பிடித்து ஏறி மிதித்தால் தலையிடுங்கள். ரத்தம் வந்துவிட்டால் அந்தக் குஞ்சை உடனே எடுத்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவித் தனியே வையுங்கள். சிவப்பைக் கண்டால் எல்லாக் கோழியும் அதே இடத்தில் கொத்தும்.

அடிபட்டதை மட்டும் அகற்றினால் முடியாது. அடிப்பது யார் என்று பாருங்கள், எப்போதும் ஒன்றிரண்டு பெட்டைதான் இருக்கும். அந்தப் பெட்டையை நான்கு நாள் பஞ்சாரத்தில், மற்றவற்றின் கண்ணில் படாத இடத்தில் மூடி வையுங்கள். திரும்பி வரும்போது அதுவே புதிதாக வந்ததைப் போலத் தன் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

வளர்ந்த சேவல் பெரும்பாலும் புதியவற்றைச் சீண்டாது, சில சேவல் பெட்டைகளின் சண்டையை விலக்கவும் செய்யும். நான்கைந்து மாதத்தில் உங்கள் குஞ்சுகளில் இருக்கும் இளஞ்சேவல்கள்தான் அதற்குத் தலைவலி. அதற்குள் அவற்றைப் பிரித்துவிடவோ விற்றுவிடவோ முடிவு செய்துகொள்ளுங்கள். அசில் என்ற சண்டைக்கோழி இனத்தின் கலப்பு என்றால் இன்னும் முன்னதாக. அவை சிறிய வயதிலேயே விடாப்பிடியாக மோதும்.

9. இரவும் விடியலும்

குஞ்சுகள் முதல் நாள் மாலை பழைய மூலைக்கே போய் அடையும். இருட்டிய பிறகு எடுத்துக் கூண்டின் கம்பில், பெரியவை இல்லாத கோடியில் வையுங்கள். ஒரு வாரம் இப்படி எடுத்து வைத்தால் தாமே ஏறும்.

காயம் பெரும்பாலும் இரவில் நேர்வதில்லை. வெளிச்சம் வந்து, கதவு திறக்காமல், எல்லாம் கீழே இறங்கி நெருக்கியடிக்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் நேர்கிறது. ஓட வழியில்லை. முதல் இரண்டு வாரம் விடியும்போதே கதவைத் திறந்துவிடுங்கள். அதற்கு எழ முடியாதவர்கள் அந்த இரண்டு வாரமும் குஞ்சுகளை இரவில் தனியே அடைப்பது நல்லது.

10. ஒரே தட்டில் என்ன தீனி

முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை சதவீதம் அளவில் இருக்கும். குஞ்சுக்கு வேண்டியது ஒரு சதவீதம். முட்டையிடாத குஞ்சு அதைத் தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெடும். ஆகவே ஒன்றாக விட்ட பிறகு எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே போடுங்கள். கிளிஞ்சலை நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வைத்தால் முட்டையிடும் பெட்டை தனக்கு வேண்டியதைத் தானே பொறுக்கிக்கொள்ளும். குஞ்சுகள் முட்டைக்கு வரும்வரை, நாட்டுக்கோழிக்கு ஆறு மாதம் போல, இது தொடரட்டும்.

ஒன்றாக விட்ட முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு இரவும், கம்பில் ஏறிய பிறகு, ஒவ்வொரு குஞ்சின் கழுத்தடியில் இருக்கும் இரைப்பையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எலுமிச்சம்பழம் போல உருண்டிருந்தால் தின்றிருக்கிறது. தளர்ந்து காலியாக இருந்தால் பகலில் அதை யாரோ விரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதை மறுநாள் வலைக்குள் விட்டுத் தீனி போட்டு, இன்னொரு தட்டைக் கொல்லையின் வேறு கோடியில் கூட்டுங்கள். பதினான்கு இரவும் எல்லா இரைப்பையும் நிறைந்திருந்தால் வலையைக் கழற்றலாம். எச்சத்தைத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துச் சுருட்டி வையுங்கள். அடுத்த முறைக்கும் அதே வலைதான்.